கட்டிக்கு மூச்சு முட்டுகிறதா?

பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இன்றி' என்று எழுதியிருப்பதை எல்லோரும் ஓரக்கண்ணால் படித்துவிட்டு, படிக்காத மாதிரி நடந்துவிடுகிறோம். ரத்தம் வந்தால்கூட, "சூடு சார், மோர் குடிச்சா சரியாயிடும்" என்று ஆபீஸ் கான்டீனிலேயே வைத்தியம் முடிந்துவிடும். பெரும்பாலும் மூலம்தான். எப்போதாவது அது மலக்குடல் புற்றுநோய். எனவே கூச்சத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, பெருங்குடலின் கடைசி அரையடிக்கு வாருங்கள்.

அங்கே ஓரளவு வளர்ந்த கட்டி என்றால், பல பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சு (நம் பாஷையில் 'கரண்ட் வைக்கிறது'), கூடவே மருந்து. பிறகுதான் கத்தி. கட்டி ஆசனவாய்க்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அந்த வாசலையே மூடி, வயிற்றில் வழி வைத்துப் பை மாட்டிவிடுவார்கள். ஆயுசுக்கும் பை. முப்பது வயசுக்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிரேஸிலில் ஏஞ்சலிட்டா ஹாபர்-காமா என்ற பெண் சர்ஜன் 2004-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். கரண்டும் மருந்தும் கொடுத்த 265 பேரில் 71 பேருக்குக் கட்டியைக் காணோம். இல்லாத கட்டியை எதற்கு வெட்டுவானேன் என்று, அடிக்கடி கூப்பிட்டுப் பரிசோதித்தபடி காத்திருந்தார். மற்ற 194 பேருக்கு ஆபரேஷன். அவர்களில் 22 பேருக்கு, வெட்டி எடுத்த குடலில் புற்றுநோயே மிச்சமில்லை! வெட்டிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

யாருக்குக் கரையும், யாருக்குக் கரையாது என்று முன்னாலேயே தெரிய வேண்டாமா? அதற்கு ஒரு துப்பு, ஆக்ஸிஜன்.

கதிர்வீச்சு செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. பக்கத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் அந்த உடைசல் நிரந்தரமாகிவிடும். இல்லையென்றால் செல் ஒட்டுப்போட்டுப் பிழைத்துக்கொள்ளும். மூச்சு முட்டும் செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கரண்ட் வேண்டும்.

கட்டிக்குள் ஏன் மூச்சு முட்டுகிறது? புறம்போக்கில் முளைத்த காலனி மாதிரி அது தாறுமாறாக வளர்கிறது. ரத்தக்குழாய் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேருவதில்லை. குழாயிலிருந்து ஆக்ஸிஜன் கசிந்து போகும் தூரமோ சுமார் 0.15 மில்லிமீட்டர்தான். 1955-ல் இங்கிலாந்தில் தாம்லின்ஸன், கிரே இருவரும் நுரையீரல் புற்றுநோயை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இதைச் சொன்னார்கள். அந்த எல்லைக்கு அப்பால் செத்த செல்கள். சாவதற்குச் சற்று முன்னால், எல்லையோரத்தில், அரை மூச்சில் சில செல்கள். ஆபத்து அவர்களால்தான்.

ஜெர்மனியில் ஊசி குத்தி ஆக்ஸிஜனை நேரடியாக அளந்தார்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில். மலக்குடலில் குத்துவது சிரமம். குத்தினாலும் ஒரு இடம்தான் தெரியும். படம் எடுத்தால் கட்டி முழுக்கத் தெரியுமே!

இங்கேதான் கதை 1845-க்குப் போகிறது. ஃபாரடே காய்ந்த ரத்தத்தைக் காந்தத்தில் சோதித்தார். புது ரத்தத்தையும் பார்க்கவேண்டும் என்று குறித்து வைத்தார். 91 வருஷம் கழித்து, 1936-ல், பாலிங்கும் கோரியெல்லும் அதைப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் ஏந்திய ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ரத்தத்தை லேசாக இழுக்கிறது. 1990-ல் ஒகாவா இதை வைத்து எம்.ஆர்.ஐ.யில் மூளையைப் படம் பிடித்தார். அதே தந்திரம் கட்டிக்கும் உதவும். ஆனால் மலக்குடலுக்குள் 'காற்று' இருந்தால் படம் நெளிந்துவிடும். நேற்றைய உருளைக்கிழங்கு போண்டா விஞ்ஞானத்தைக் கெடுக்கும், கவனிக்க.

இன்னொரு வழி, முகமூடி வைத்து முழு ஆக்ஸிஜனைச் சுவாசிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுப்பது. நல்ல பகுதியில் ரத்தம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் உபரி ஆக்ஸிஜன் கரைந்து படம் மாறும். பசித்த பகுதியில் வந்ததை ரத்தமே விழுங்கிவிடும், படம் அப்படியே நிற்கும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஊசியில்லை, கதிரியக்கமில்லை. மிஷினுக்குள் 'டக டக' சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

பெட் ஸ்கேனும் உண்டு. ஃப்ளோரின்-18 ஒட்டிய மிஸோனிடஸோல் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். எல்லா செல்லுக்குள்ளும் போகும். ஆக்ஸிஜன் உள்ள செல்லிலிருந்து வெளியே வந்துவிடும், இல்லாத செல்லில் மாட்டிக்கொண்டு மின்னும். தலை, கழுத்துக் கட்டிகளில் சமர்த்து. குடலில் தகராறு, ஏனென்றால் ஈரல் அந்த மருந்தைக் குடலுக்குள்ளேயே கொட்டுகிறது. மின்னுவது கட்டியா, கழிவா?

ஆகவே மலக்குடல் விஷயத்தில் இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிதான். உங்கள் டாக்டரிடம் போய், "ஆக்ஸிஜன் படம் எடுங்க" என்று அடம்பிடிக்காதீர்கள்.

"சரி சார், மூச்சு முட்டுதுன்னு கண்டுபிடிச்சாச்சு. அப்புறம்?" நியாயமான கேள்வி. அந்த மூலைக்கு மட்டும் கரண்டைக் கூட்டலாம், அல்லது ஆக்ஸிஜன் செய்யும் வேலையைத் தானே செய்கிற மாத்திரை கொடுக்கலாம். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிமோரஸோல் என்று ஒன்றைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். மலக்குடலுக்கு அப்படி ஒரு மாத்திரை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.