பள்ளி மாறலாம், பழகிய முகம் மாறக் கூடாது!

அரியலூர் என்றதும் முதியவர்களுக்கு ஒரு ரெயில் விபத்து நினைவுக்கு வரும். 1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி. விடிவதற்கு முன்பு மருதையாற்றில் வெள்ளம் புரண்டு ஓடியது. பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரசின் பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரெயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பு ஏற்றுப் பதவி விலகினார்.

மந்திரி விலகிய செய்தி எல்லோருக்கும் தெரியும். அன்று தகப்பனை இழந்த பிள்ளை மறுபடியும் பள்ளிக்கூடம் போனதா? போய்ப் படித்ததா? இது எத்தனை பேருக்குத் தெரியும்?

விபத்து ஒரு நாளில் முடிந்து விடுகிறது. பிள்ளையின் மனதில் அது முடிவதில்லை. புத்தகப் பையோடு சேர்ந்து அதுவும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது.

இரண்டு அடி

துன்பம் அந்தக் காலத்தோடு போய் விடவில்லை. கொரோனா நோய் 2020, 2021-ம் ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் தாயை, தகப்பனைக் கொண்டு போயிற்று. 2023-ம் ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் உயிர் இழந்தனர். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள், பெரம்பலூர் வழியாகப் பறக்கும் திருச்சி சாலை வண்டிகள் - இவற்றால் நேரும் விபத்துகளும் உண்டு.

வீட்டில் இப்படி ஒன்று நடந்ததும் என்ன ஆகிறது? தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிறந்த வீடு போகிறாள். அல்லது, பிள்ளையை அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். பிள்ளைக்குப் பள்ளி மாறுகிறது. ஊர் மாறாவிட்டாலும், ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பல கிராமங்களில் அடுத்த ஊருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

தகப்பனை இழந்தது முதல் அடி. பழகிய பள்ளி, பழகிய டீச்சர், பக்கத்தில் உட்கார்ந்த தோழன் எல்லோரையும் ஒரே நாளில் இழப்பது இரண்டாவது அடி. முதல் அடியை நம்மால் தடுக்க முடியவில்லை. இரண்டாவது அடியைக் குறைக்க முடியும். அது நம் கையில்தான் இருக்கிறது.

சோம்பேறி அல்ல, காவல்காரன்!

புதுப் பள்ளியில் அந்தப் பிள்ளையை யாருக்கும் தெரியாது. காலையில் வயிற்று வலி என்று அழுகிறான். வகுப்பில் தூங்கி விழுகிறான். யாராவது பின்னால் இருந்து தொட்டால் சண்டைக்குப் போகிறான். நேற்று தெரிந்த வாய்ப்பாடு இன்று தெரியவில்லை. "சோம்பேறி", "முரடன்" என்று பெயர் வாங்கி விடுகிறான்.

உண்மை என்ன? ஆபத்து வந்தால் நம் உடல் தானாகவே உஷார் ஆகும். நெஞ்சு படபடக்கும். காது கூர்மையாகும். ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகும். ஆபத்து போனதும் இது அடங்க வேண்டும். பெரிய அதிர்ச்சி கண்ட பிள்ளைக்குச் சீக்கிரம் அடங்குவதில்லை. லாரி பிரேக் போடும் சத்தம், தீபாவளி வெடி, ஒருவர் உரத்துப் பேசுவது - எதுவும் அவனுக்குப் பழைய ஆபத்தாகவே படும். இரவெல்லாம் காவல் காக்கும் மனது பகலில் கணக்கை எப்படிக் கவனிக்கும்?

எல்லாப் பிள்ளையும் அழுவதில்லை. வாயே திறக்காமல், சொன்னதை எல்லாம் செய்து கொண்டு, ஓரமாக இருக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் கவனிக்க வேண்டும். பள்ளியை விட்டு நழுவிப் போனாலும் வகுப்பில் யாருக்கும் தெரியாது!

நாகப்பட்டினம் சொன்ன பாடம்

2004-ம் ஆண்டு தமிழகம் இரண்டு பெருந்துயரங்களைக் கண்டது. ஜூலை 16-ந் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினர். டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

சுனாமிக்குப் பிறகு, பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வல்லுநர்கள் தமிழகக் கடலோரத்துக்கு வந்தார்கள். பிள்ளைகளோடு நெருங்கிப் பழகும் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விளையாட்டு, படம் வரைதல், கதை சொல்லுதல் - இவைதான் அங்கே மருந்து! பள்ளி மறுபடியும் திறந்து, அதே நேரத்தில் மணி அடித்து, அதே நேரத்தில் சாப்பாடு கிடைத்தால், "உலகம் இன்னும் இருக்கிறது" என்று பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கிறது.

இன்னொரு பாடமும் உண்டு. நாகையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசு காப்பகம் ஏற்பட்டது. அப்போது கலெக்டராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன், மாற்றல் ஆகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளை மறக்கவில்லை. வந்து வந்து பார்த்தார். பல ஆண்டு கழித்து, அங்கே வளர்ந்த பெண்களின் திருமணத்திலும் முன்நின்றார். இடம் மாறியது, பள்ளி மாறியது, வயது மாறியது. ஒரு முகம் மட்டும் மாறவில்லை!

எல்லோருக்கும் கலெக்டர் கிடைப்பாரா என்று கேட்கலாம். கலெக்டர் வேண்டாம். அம்மாச்சி போதும், மாமா போதும், பழைய பள்ளி டீச்சர் போதும். ஒருவர் போதும். ஆனால், அந்த ஒருவர் கட்டாயம் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பள்ளி திறப்பதற்கு முன்பே பிள்ளையை அழைத்துப் போய்ப் புதுப் பள்ளியைக் காட்டுங்கள். வாசல் எது, வகுப்பு எது, தண்ணீர்க் குழாய் எங்கே, கழிவறை எங்கே, பஸ் எங்கே நிற்கும் - எல்லாம் காட்டுங்கள். தெரிந்த இடத்தில் பயம் பாதியாகக் குறையும்.

தலைமை ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். மூன்று செய்திகள் போதும். என்ன நடந்தது? எதைக் கண்டால் பிள்ளை பயப்படுகிறது? என்ன செய்தால் அமைதி ஆகிறது? இதைப் பிள்ளை எதிரிலோ மற்ற பிள்ளைகள் எதிரிலோ சொல்ல வேண்டாம். பழைய டீச்சர் புது டீச்சரிடம் போனில் ஐந்து நிமிஷம் பேசினால் இன்னும் நல்லது.

"அப்பா துபாய் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லாதீர்கள். ஒருநாள் பஸ்சில் யாரோ உண்மையைச் சொல்லி விடுவார்கள். அன்று உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் போய் விடும். வயதுக்கு ஏற்றபடி, சின்ன வார்த்தையில் உண்மையைச் சொல்லுங்கள்.

"சாயங்காலம் நாலரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்" என்று சொன்னால் நாலரைக்கு அங்கே நில்லுங்கள். ஒருமுறை போன தகப்பன் திரும்பவில்லை. நீங்கள் சொன்ன நேரத்தில் வந்து நிற்பதுதான் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

முதல் நாள் வகுப்பில் எல்லோரையும் எழுப்பி, "அப்பா என்ன வேலை?" என்று கேட்பது நம் வழக்கம். அந்தக் கேள்வியை விட்டு விடுங்கள். "உனக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்?" என்று கேளுங்கள். அப்பா கையெழுத்து என்று அதட்டாமல், அம்மாச்சியின் கைநாட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கதவு தெரியும்படி உட்கார வையுங்கள். மனம் படபடத்தால், விரலைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து வர அனுமதி கொடுங்கள். நல்ல பிள்ளை ஒன்றைத் துணைக்குச் சேர்த்து விடுங்கள். "பாவம், அப்பா இல்லாத பிள்ளை" என்று எல்லோர் முன்பும் சொல்லாதீர்கள். இரக்கம் வேண்டும், அது முத்திரை ஆகிவிடக் கூடாது.

அடி வேண்டவே வேண்டாம். பயந்த பிள்ளையை அடித்தால் பயம்தான் வளரும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது.

சட்டமும் உதவியும்

அதே சட்டத்தில் இன்னொரு நல்ல விதியும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வர தாமதம் ஆனது என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. பழைய பள்ளியும் டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும். துக்க வீட்டில் காகிதத்தைத் தேடிக்கொண்டு பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம்.

தமிழக அரசின் "அன்புக் கரங்கள்" திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் காப்பாற்ற முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும், 18 வயது வரை பள்ளிப் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் இது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். குழந்தைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

ஒரு மாதம் ஆகியும் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, பள்ளி என்றாலே நடுங்குகிறது என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கிறோம். மனதில் பட்ட காயத்துக்குப் பார்ப்பதில் என்ன வெட்கம்?

உங்கள் தெருவில், உங்கள் உறவில் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஜூன் மாதம் புதுப் பள்ளிக்குப் போகும்போது அதன் கையில் புதுப் பை இருக்கும், புது நோட்டு இருக்கும். பழகிய கை ஒன்றும் பிடித்துக்கொண்டு வாசல் வரை போகட்டும். முதல் நாள் மட்டும் அல்ல. கையை அந்தப் பிள்ளையே விடும் நாள் வரை!