ஆய்வுகூடத்துக்கு எப்போது வந்து சேரும்?

புசல்லாவையிலிருந்து ஏ5 வீதியில் இறங்கினால் கம்பளை, அதைத் தாண்டினால் பேராதனை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே குடிவந்தது. தோட்டத்து லயத்திலிருந்து அங்கு படிக்கப் போகும் பிள்ளைக்கு நுணுக்குக்காட்டி வாங்கிக் கொடுக்க வீட்டில் வசதியில்லை. ஆய்வுகூடத்தில் இருந்தால்தான் உண்டு. அதனால் அரச பல்கலைக்கழகங்கள் சாமான் வாங்கும் முறை மலையகத்தாரின் வீட்டு விவகாரமும்தான்.

ஒரு கருவி வேண்டுமென்றால் துறை அதை வருடாந்தப் பெறுகைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும், விவரக்குறிப்பு எழுத வேண்டும். 2024 கடைசி வரை இருந்த 2006ஆம் ஆண்டு பெறுகை வழிகாட்டியின்படி, உள்நாட்டுப் போட்டி விலைமனுவுக்குக் குறைந்தது 21 நாளும் சர்வதேசப் போட்டிக்கு 42 நாளும் அவகாசம் இருந்தது. பிறகு தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, அதன்பின் பெறுகைக் குழு. இந்த நாட்கள் நியாயமானவை. காலம் கரைவது வேறிடத்தில். விவரக்குறிப்பு அரைகுறையாக இருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதங்கள் அலையும். கடைசியில் மறுபடியும் விலைமனு கோரல். குழுவில் இருப்பவர்களோ விரிவுரைக்கும் பரீட்சை வேலைக்கும் நடுவே நேரம் தேடும் ஆசிரியர்கள். டிசம்பர் 31 வந்தால் நிதியாண்டு முடிந்துவிடும். ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாக வாங்குவது இதனால்தான்.

ஆகக் குறைந்த விலையைத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. நிபந்தனைகளை நிறைவுசெய்து, மதிப்பீட்டில் குறைவாக வருவதையே எடுக்கச் சொல்கிறது. உதிரிப்பாகம், திருத்த வேலை, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை விலைமனு ஆவணத்திலேயே எழுதிவைத்தால் அவற்றையும் கணக்கில் சேர்க்கலாம். எழுதாமல் விட்டால், கணக்காய்வுக் கேள்விக்குப் பயந்து குழு மலிவானதையே எடுக்கும். திருத்த ஆளில்லாத மலிவுக் கருவியால் மாணவருக்கு என்ன பயன்?

2022இல் பெறுகைத் தாமதம் கடுமையாகச் சுட்டது. மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த விலை மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிக் கருவிக்கு ரூபாயில் விலை குறித்த வழங்குநருக்கு ஒவ்வொரு வாரத் தாமதமும் நட்டம். கொடுப்பனவும் பிந்தினால், அடுத்த தடவை அந்தச் செலவையும் விலையில் ஏற்றித்தான் தருவார்.

2015இல் 19ஆம் திருத்தத்தால் வந்த தேசிய பெறுகை ஆணைக்குழு 2020இல் நீக்கப்பட்டு, 2022இல் 21ஆம் திருத்தத்தால் திரும்பி வந்தது. 2025 ஜனவரி முதல் அதன் புதிய வழிகாட்டி நடைமுறையில் உள்ளது. விதி மாறினால் மட்டும் போதாது; ஒவ்வொரு பீடமும் பொருள் கேட்ட திகதியையும் அது ஆய்வுகூடத்தில் இயங்கத் தொடங்கிய திகதியையும் ஆண்டறிக்கையில் அருகருகே வெளியிட வேண்டும். கொள்முதல் பிரிவின் திறமையை மிச்சம் பிடித்த பணத்தோடு சேர்த்து அந்த இடைவெளியையும் வைத்தே எடைபோட வேண்டும்.