முள் குத்திய காயமும் இரத்தத்தின் காவலும்

பழவேற்காடு ஏரியில் வலை இழுக்கும் நம் அங்கத்தினர்களுக்குக் கெளுத்தி முள் குத்துவது புதிதன்று. கடல் நீரும் ஆற்று நீரும் கலந்த வெதுவெதுப்பான நீரில் விப்ரியோ முதலிய கிருமிகள் வாழக்கூடும். அவை காயத்தின் வழியே இரத்தத்திற் புகுந்தால் நேர்வது யாதென்பதை ஈண்டு விளக்குவோம்.

இக்கிருமிகளின் மேலுறையிலேயே ஒரு நஞ்சு உண்டு. காலராக் கிருமியை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு பைபர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு 'உள்நச்சு' எனப் பெயரிட்டார். இரத்தத்தில் உள்ள புரதம் ஒன்று இந்நஞ்சைப் பற்றி, வெள்ளை அணுக்களுக்கு அறிவிக்கிறது. வேறு சில புரதங்கள் கிருமியின்மீது படிந்து அதனைத் துளைக்கின்றன. வெள்ளை அணுக்களோ காய்ச்சலை எழுப்பும் புரதங்களைச் சுரக்கின்றன.

இக்காவல் அளவோடு நின்றால் நன்மையே. அளவு கடப்பின், வேலியே பயிரை மேய்ந்தாற்போல் நம் உடலையே தாக்கும். இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும். இரத்த அழுத்தம் வீழும். சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். இதுவே 'செப்சிஸ்'.

ஆகவே காயத்தை உடனே சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவுதல் வேண்டும். வீக்கம் விரைந்து பரவினாலும், குளிர் காய்ச்சலோ வேக மூச்சோ மனக்குழப்பமோ கண்டாலும், அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளோர்க்கு அபாயம் மிகுதி. பாடு முறையில் தம் நாள் தவறிவிடுமே என்று எவரும் தயங்கலாகாது. அந்நாளை மற்றொருவர் மாற்றிக்கொண்டு உதவுவதன்றோ கூட்டுறவு!