கேமராவுக்குள் வைரம் இல்லை!

மார்ச் மாதம் வந்துவிட்டால் போர்ட்டிக்சன் வட்டாரத்துக்குத் தனிக் களை வந்துவிடும். சி ரூசா கடற்கரையைத் தாண்டித் தெற்கே போனால் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம். சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அங்கேதான் கரையேறுகின்றன. அவற்றைக் காணக் கூடும் கூட்டத்தில், நீளமான வெள்ளை லென்ஸ்களைத் தோளில் சுமந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். மாலையானால் சி ரூசா மணலில் மணமக்களை நிறுத்திப் படம் எடுக்கும் நம் இளைஞர்களையும் பார்க்கலாம். பால்வாளி தூக்கிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கேமரா பை தூக்குகிறார்கள்.

அந்தக் கேமராக்களில் பலவற்றின் நெற்றியில் இருக்கும் பெயர் கேனன். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அதை உருவாக்கியவர்கள் விட்டுச் சென்றது என்ன? புதிதாக வந்திருக்கும் கருவிகள் நமக்கு உண்மையிலேயே தேவைதானா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தெய்வத்தின் பெயர்

1930-களில் உலகத்தின் சிறந்த கேமரா ஜெர்மனியின் லைக்கா. ஜப்பானில் அதன் விலை 420 யென். உயர்ந்த பல்கலைக்கழகத்தில் படித்து வங்கியில் சேரும் இளைஞரின் முதல் மாதச் சம்பளமே 70 யென்தான். ஆறு மாதம் பட்டினி கிடந்தால்தான் ஒரு கேமரா!

கோரோ யோஷிடா என்ற இளைஞர் ஒரு லைக்காவைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்தவை பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். வைரம் எதுவும் இல்லை. இந்தச் சாதாரணப் பொருள்களைச் சேர்த்து வைத்தவுடன் இவ்வளவு விலையா என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டதாம். அந்தக் கோபத்தின் பிள்ளைதான் கேனன்.

1933-இல் டோக்கியோவின் ரொப்போங்கி பகுதியில், ஓர் அடுக்குமாடி அறையில் யோஷிடாவும் அவருடைய மைத்துனர் சபுரோ உச்சிடாவும் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். 1934-இல் மாதிரிக் கேமரா ஒன்றை அறிவித்தார்கள். அதற்கு 'குவானோன்' என்று பெயர். கருணைத் தெய்வமான கானோனின் பெயர் அது. லென்சுக்கு 'காசியபா'. அதுவும் புத்தரின் சீடர் மகாகாசியபரின் பெயர்தான்.

இந்தக் கானோன் நமக்கு அந்நியம் அல்ல. சீனர்கள் வணங்கும் குவான் யின்தான் ஜப்பானில் கானோன். இரண்டுக்கும் மூலம் இந்தியாவின் அவலோகிதேஸ்வரர். அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம்தான் என்று பதினோராம் நூற்றாண்டின் 'வீரசோழியம்' சொல்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் குவான் யின் கோயிலும் நம் மாரியம்மன் கோயிலும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன.

உலகச் சந்தைக்கு ஏற்றபடி பெயர் 1935-இல் 'கேனன்' ஆனது. அடுத்து வந்த ஹான்சா கேனன் கேமராவின் விலை 275 யென். லென்ஸ் செய்யும் திறமை அப்போது அவர்களிடம் இல்லை. இன்று நிக்கான் என்று அழைக்கப்படும் நிறுவனம்தான் லென்ஸ் கொடுத்து உதவியது. இன்றைய போட்டியாளர் அன்றைய துணைவர்!

பிரசவ மருத்துவர் நடத்திய தொழிற்சாலை

கேமராவைக் கனவு கண்ட யோஷிடா சீக்கிரமே விலகிவிட்டார். நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் தக்கேஷி மித்தாராய். இவர் பொறியியலாளர் அல்லர், பிரசவ மருத்துவர். நண்பர் உச்சிடாவுக்குப் பண உதவி செய்யப் போய், கடைசியில் 1942-இல் தலைவர் நாற்காலியிலேயே உட்கார நேர்ந்தது.

1942 என்றவுடன் நம் பெரியவர்களுக்கு வேறு நினைவு வரும். மலாயா ஜப்பானியர் பிடியில் விழுந்த ஆண்டு அது. தொடர்ந்து வந்த காலத்தில் தோட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். அந்தக் கசப்பை மறைத்துவிட்டு ஜப்பானியப் பொருளைப் புகழ முடியாது. ஆனால் அதே ஜப்பானில் ஒரு மருத்துவர் தம் ஆலைக்குள் என்ன செய்தார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே.

1943-இல் அவர் 'தொழிலாளி', 'அலுவலர்' என்ற பாகுபாட்டை நீக்கினார். நாள்கூலியை மாற்றி எல்லாருக்கும் மாதச் சம்பளம் என்றார். நாள்கூலி என்றால் என்ன என்று நம் தோட்டங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. வேலை இல்லை, அன்றைக்குக் காசும் இல்லை. மாதச் சம்பளத்துக்காக நம் தொழிற்சங்கம் பல பத்தாண்டுகள் போராடியது. தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது 2013-இல்தான்.

காசநோய் ஜப்பானை வாட்டிய காலத்தில், 1940-இலேயே, கேனன் அந்நாட்டின் முதல் மறைமுக எக்ஸ்ரே கேமராவை உருவாக்கியது. திரையில் விழும் எக்ஸ்ரே உருவத்தைச் சிறிய படச்சுருளில் எடுப்பதால், பலரின் நெஞ்சை விரைவாகச் சோதிக்க முடிந்தது. அதில் மருத்துவரின் மனம் தெரிகிறது.

வேலை முடிந்ததும் சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்பது அவர் ஊழியர்களுக்குச் சொன்ன கொள்கை. 1967-இல் வாரம் ஐந்து நாள் வேலையும் வந்துவிட்டது. 1984-இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த பாதை எப்போதும் நேராக இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2006-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நடத்திய முறைக்காக ஜப்பானிய ஏடுகள் கேனனையும் குறை கூறின. மரபு என்பது ஒருமுறை சம்பாதித்து வைத்துக்கொள்ளும் சொத்து அல்ல.

புதிய கருவிகள்

கைத்தொலைபேசி வந்த பிறகு கேமரா சந்தை சரிந்தது. 2010-இல் உலகெங்கும் ஏறத்தாழ 121 மில்லியன் இலக்கவியல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-இல் அது 8 மில்லியனுக்கும் குறைவு. மிஞ்சியிருப்பது உண்மையாகவே கேமரா தேவைப்படுகிறவர்கள்தான். அவர்களுக்காகவே 2018-இல் கேனன், கண்ணாடி இல்லாத ஈ.ஓ.எஸ். ஆர் வரிசையைத் தொடங்கியது.

பழைய கேமராவில் லென்சுக்கும் படம் பதியும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பி இறங்கும். அதற்கு இடம் விட லென்சை 44 மில்லிமீட்டர் தள்ளி வைத்தார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டதால் இப்போது 20 மில்லிமீட்டர் போதும். இந்த நெருக்கம் லென்ஸ் வடிவமைப்பவர்களுக்குக் கூடுதல் சுதந்திரம் தருகிறது. பழைய லென்சையும் இணைப்பு வளையம் போட்டுப் பயன்படுத்தலாம்.

2024 ஜூலையில் ஆர்1, ஆர்5 மார்க் 2 ஆகியவை அறிவிக்கப்பட்டன. படம் எடுப்பவரின் கண் எங்கே பார்க்கிறதோ அங்கேயே குவியத்தை வைக்கும் வசதி இவற்றில் உண்டு. பருந்து கூட்டத்தில் ஒன்றை மட்டும் பார்த்தால் அதையே கேமராவும் பிடிக்கும். 2025 நவம்பரில் ஆர்6 மார்க் 3 வந்தது. அதனுடன் 45 மில்லிமீட்டர் எஃப்1.2 லென்சும் வந்தது.

அந்த வெள்ளை லென்ஸ்கள் ஏன் வெள்ளை? அழகுக்காக அல்ல. தூரத்தை நெருக்கிக் காட்டும் சில பெரிய லென்ஸ்களில் ஃபுளோரைட் படிகம் இருக்கும். வெயிலில் சூடேறினால் அது விரிந்து குவியம் மாறிவிடும். வெள்ளை நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது.

எதை வாங்குவது?

கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கும் பல இளைஞர்கள் விலை உயர்ந்த கேமராவைத் தவணையில் வாங்கிவிட்டு, அதனுடன் வரும் சாதாரண லென்சோடு நின்றுவிடுகிறார்கள். கோயில் மூலஸ்தானத்தின் மங்கிய வெளிச்சத்தில் படம் இருளடைகிறது. குறை கேமராவில் இல்லை, லென்சின் வாயில்தான்.

'எஃப்' எண் குறையக் குறைய வாய் அகலும். 50 மில்லிமீட்டர் எஃப்1.8 லென்ஸின் வாய் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். எஃப்5.6 லென்சோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கேனன் லென்ஸ்களில் மிக மலிவானவற்றில் இதுவும் ஒன்று. 2015-இல் வந்த இதன் எஸ்.டி.எம். வகையைத் திருப்பிப் பாருங்கள். 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று பொறித்திருக்கும். ஷா ஆலாமில் கேனனுக்கு லென்ஸ் தொழிற்சாலை இருக்கிறது. நம் நாட்டுக் கைகள் சேர்த்த கண்ணாடி வழியாகத்தான் உலகம் படம் எடுக்கிறது.

ஆகவே கையில் இருக்கிற பழைய கேமராவே போதும். முதலில் ஒரு நல்ல லென்ஸ், பிறகு வருமானம், அதன் பிறகு புதிய கேமரா. கடனை அடைக்கவே கல்யாணங்களுக்கு ஓடுகிற நிலை வேண்டாம். விலையைக் கண்டு மலைக்கும்போது, லைக்காவைக் கழற்றிப் பார்த்த அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் வைரம் இல்லை. அதைப் பிடிக்கிற கையில்தான் எல்லாம் இருக்கிறது.