மூளையின் மின்சாரத்தைக் கண்ணால் பார்க்கலாம், தெரியுமா?

தி.நகர் உஸ்மான் சாலை நகைக்கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை ஊதா விளக்கின்கீழ் காட்டினால் எண்கள் பளிச்சென்று மின்னுமே, கவனித்திருக்கிறீர்களா? கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது அந்த மை. இதே உடனொளிர்வுதான் உயிருள்ள செல்லில் ஓடும் மின்துடிப்பையும் படம்பிடிக்கிறது!

நீலகிரி சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்தார்களே குவினைன், அதுவும் இப்படி ஒளிரும். வெளியே வரும் ஒளியின் அலைநீளம் உள்ளே போனதைவிடக் கூடுதல் என்று 1852-ல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் காட்டினார். செல்லின்மேல் பாய்ச்சும் நீலத்தைத் திருப்பிவிட்டு, அங்கிருந்து ஒளிர்ந்து வரும் பச்சையை மட்டும் கேமராவுக்கு அனுப்பும் கண்ணாடியை நுண்ணோக்கிக்குள் வைக்க முடிவது இந்த வேறுபாட்டால்தான்.

சரி, செல்லில் எவ்வளவு மின்சாரம்? நரம்பு செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட்தான். ஆனால் நடுவில் இருக்கும் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்! கணக்குப் போட்டால் சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட். காற்றில் பொறி பறக்க அதில் நாலில் ஒரு பங்கு போதும்!

சென்னையிலேயே ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருச்சிசுக்களின் மூளைகளை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் 'தரணி' என்று வெளியிட்டது. அபார உழைப்பு! எந்த செல் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லும். எந்தக் கணத்தில் துடிக்கிறது என்று அறியத்தான் உயிருள்ள செல்லும் வேறு வகை நுண்ணோக்கியும் வேண்டும்.

ஒரு துடிப்பின் ஆயுள் ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. எனவே கேமரா விநாடிக்கு ஆயிரம் படம் எடுக்க வேண்டும். 1973-ல் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில், மின்னழுத்தத்துக்கேற்ப ஒளிர்வு மாறும் சாயமேற்றிப் பார்த்தபோது, ஒளியில் தெரிந்த மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே! நூறு ஃபோட்டான் (ஒளித்துகள்) வந்தால், அதன் வர்க்கமூலமான பத்து ஃபோட்டான் தற்செயலாகவே கூடும், குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் அந்த இரைச்சலுக்கு மேல் தலைதூக்கவே பத்து லட்சத்துக்கு மேல் வேண்டும். அதுவும் ஒரே மில்லிவிநாடிக்குள்! அதனால்தான் அகன்ற கோணத்தில் ஒளியை அள்ளும் வில்லைக்கு வடிவமைப்பாளர்கள் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள். உருப்பெருக்கம் எனக்கு இரண்டாம்பட்சமாகத்தான் படுகிறது.

சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் புரதமும் மின்னழுத்தத்தை ஒளியாகக் காட்டும்! ஹார்வர்டில் ஆடம் கோஹன் குழு அதைப் பாலூட்டிகளின் நரம்பு செல்லுக்குள்ளேயே உருவாக வைத்தது. ஆனால் மிக மங்கல். பலத்த சிவப்பு லேசர் வேண்டும். லேசரைக் கூட்டினால் செல் சூடாகும், சுற்றியுள்ள எல்லாமும் சேர்ந்து ஒளிரும்.

இதற்கு வழி, டிஜிட்டல் சினிமா புரொஜெக்டரில் இருக்கும் அதே சில்லு! கட்டைவிரல் நகம் அளவுப் பரப்பில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சாய்த்து, வேண்டிய செல்லின்மேல் மட்டும் ஒளியை விழச் செய்கிறார்கள்.