ரோபோ அணியில் யாருக்கு எந்த வேலை?

எங்கள் பள்ளியின் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாசிரியர். நடத்தும் பாடம் என்னவோ கணிதம்தான். ஆர்டுயினோ பலகையை முதன்முதலில் கையில் எடுத்தபோது மாணவர்களுக்குத் தெரிந்த அளவுகூட எனக்குத் தெரியாது. அதனால், பொறியாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் தன்னார்வலராக வந்து வழிகாட்டச் சம்மதித்தபோது பெரிய நிம்மதி. அந்த நிம்மதி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஆய்வகத்தைத் திறந்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவேன்.

போட்டி ஒன்றுக்காகக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ செய்தோம். வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கோடு. ரோபோவின் அடியிலுள்ள அகச்சிவப்பு சென்சார், தளத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும்; ஆர்டுயினோ அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். எந்த எண்வரை தளம், எதிலிருந்து கோடு என்று நிரலில் ஓர் எல்லை எண் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் ரோபோ கோட்டை விட்டு விலகவே இல்லை. போட்டி அரங்கிலோ பெரிய சன்னல்கள், நேர் வெயில். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டே! இரண்டாவது வளைவிலேயே ரோபோ தடம் மாறிப் போனது.

எல்லை எண்ணை மாற்றினால் போதும். அடுத்த சுற்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அணித்தலைவியான ஒன்பதாம் வகுப்பு மாணவி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, கயிற்றுக்கு இப்பால் நின்ற என்னிடம் கேட்டாள்: "மிஸ், நம்பர் எந்த வரியில இருக்கு?" நிரலை முந்தைய இரவு எழுதி முடித்தவர் வழிகாட்டி. எனக்கும் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாதென்றுதான் செய்தார். எதுவரை செய்யலாம் என்று நான்தான் அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரும் நானும் அணியும் உட்கார்ந்து பேசினோம். விசைப்பலகையும் ஸ்க்ரூ டிரைவரும் மாணவர் கையில் மட்டும். வழிகாட்டி கேள்வி கேட்கலாம், வேறோர் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். அணியின் நிரலைத் தொடக் கூடாது. சொல்வது எளிது. ஒருநாள் மோட்டார் ஒன்று தலைகீழாகச் சுற்றியது. இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்துவிடும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், பாவம்.

வடிவமைப்பில் கருத்து வேறுபட்டால், ஆபத்தில்லாதவரை அணி சொல்வதே முடிவு. ஆபத்து உண்டா என்பதை நான் சொல்வேன். சால்டரிங்கும் பேட்டரி சார்ஜ் செய்வதும் நான் அறையில் இருக்கும்போது மட்டும். பெற்றோர் ஒப்புதல், தலைமையாசிரியர் அனுமதி, பயணம் எல்லாம் என் பொறுப்பு. மாணவிகளைக் குறிப்பேடு எழுத மட்டும் உட்கார வைக்கிறார்களா என்று கவனிப்பதும்தான். இதற்கெல்லாம் ஆர்டுயினோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. வழிகாட்டி இருக்கும் நேரம் முழுவதும் ஆசிரியர் ஒருவர் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். மாணவர்களுக்கான செய்திகள் அவரிடமிருந்து நேராகப் போகாமல், என் வழியாகப் பெற்றோர் குழுவுக்குப் போக வேண்டும். தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். "எனக்கும் இதுதான் பாதுகாப்பு டீச்சர்" என்றார்.

இப்போது விடைத்தாள் கட்டை ஆய்வகத்துக்கே எடுத்துப் போய்த் திருத்துகிறேன். எல்லை எண் எந்த வரியில் இருக்கிறதென்று அணித்தலைவி எனக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.