100 வயது துப்பாக்கி, புது தோட்டா: பிரிட்டன் பறவை வேட்டையில் என்ன சிக்கல்?

ஆகஸ்ட் 12. பிரிட்டனில் சிவப்பு கிரவுஸ் என்ற பறவையை வேட்டையாடும் சீசன் தொடங்கும் நாள். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து மலைப் புதர்வெளிகளில் அன்று வரிசையாக நிற்பவர்களின் கைகளைக் கவனியுங்கள். சிலர் வைத்திருப்பது தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் 100 வயதைத் தாண்டியவையும் உண்டு. மியூசியத்துல இருக்க வேண்டியது இன்னும் டியூட்டியில இருக்கு!

ஆனால், அந்த சர்வீஸ் இன்னும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி இப்போது வந்திருக்கிறது. (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையே குற்றம் என்பதால், நமக்கு இது தூரத்தில் இருந்து பார்க்கும் கதைதான்.)

அப்படி என்ன இருக்கு அதுல?

இரண்டு குழல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இதன் பெயர் 'சைடு பை சைடு'. எடை சுமார் 3 கிலோ. தலைக்கு மேல் சீறிப் போகும் பறவையை நிதானமாகக் குறிபார்க்க நேரம் கிடைக்காது. துப்பாக்கி தோளுக்கு வந்ததும் கண் பார்க்கும் இடத்தையே குழலும் பார்க்கணும். அதற்காக வாங்குபவரின் கை நீளம், தோள், கன்னம் எல்லாம் அளவெடுத்து, டெய்லர் சட்டை தைப்பது மாதிரி மரக்கட்டையைச் செதுக்கினார்கள்.

1875-ல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி இருவரும் குறைந்த பாகங்களில் இயங்கும் 'பாக்ஸ்லாக்' முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1880-ல் பீஸ்லி என்பவர் காப்புரிமை பெற்ற வடிவத்தை லண்டனின் பர்டி நிறுவனம் வாங்கியது. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறது. புது பர்டி ஒன்றின் விலை லட்சம் பவுண்டைத் தாண்டும். பிரபலமில்லாத பழைய பர்மிங்காம் பாக்ஸ்லாக்கோ ஏலத்தில் சில நூறு பவுண்டுக்கே கிடைக்கும். சாதாரண வேட்டைக்காரர் கையில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

பழசு என்றால் ஆபத்தா?

கவனமில்லை என்றால், ஆமாம். பல பழைய துப்பாக்கிகளின் தோட்டா அறை 65 மி.மீ. நீளம். இன்று கடையில் சகஜமாகக் கிடைப்பது 70 மி.மீ. தோட்டா. அது உள்ளே போகாது என்று நினைத்தால் தப்பு. அட்டகாசமா போகும்! ஏனென்றால் 70 என்பது சுட்ட பிறகு, மடிப்பு விரிந்த நிலையில் இருக்கும் நீளம். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

இன்னொன்று, டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகு பட்டைகளை முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டியது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கருமருந்து காலத்துத் தயாரிப்பு. புகையில்லா மருந்துக்குச் சோதித்துத் தேறியதற்கான முத்திரை இருந்தால்தான் நவீன தோட்டா போடலாம். லண்டன், பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ்கள் அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் அந்த முத்திரையைக் குத்தும்.

இப்போது என்ன மாறுகிறது?

2025 ஜூலையில் பிரிட்டன் அரசு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் ஈய ரவைகளுக்குத் தடை அறிவித்தது. மாறுவதற்கு மூன்று வருட அவகாசம்.

காரணம் பறவைகள்தான். அவற்றுக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். தரையில் கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று விழுங்கி, விஷமேறிச் சாகும். பிரிட்டனில் ஆண்டுக்கு 50,000 முதல் 1 லட்சம் நீர்ப்பறவைகள் இப்படி இறப்பதாக மதிப்பீடு. 2020-லேயே ஒன்பது வேட்டை அமைப்புகள், ஐந்து வருடத்தில் ஈயத்தைத் தாங்களாகவே கைவிடுவோம் என்றன. ஐந்து வருடம் கழித்து கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வாங்கிப் பார்த்த ஃபெசன்ட் பறவைகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஈயத்தால் சுடப்பட்டவை. அப்புறம் சட்டம் வராமல் என்ன செய்யும்?

ஸ்டீல் போட்டால் போச்சு?

இங்கேதான் பழைய துப்பாக்கி மாட்டிக்கொள்கிறது. ரவைகள் சிதறாமல் போக, குழலின் முனையைக் கொஞ்சம் குறுக்கி வைத்திருப்பார்கள். இதன் பெயர் 'சோக்'. முழு சோக் என்றால் சுமார் 1 மி.மீ. குறுக்கம். ஈயம் மென்மையானது, நசுங்கிக் கடந்துவிடும். ஸ்டீல் நசுங்காது, மெல்லிய குழல் அந்த இடத்தில் வளையம் மாதிரி வீங்கிவிடலாம். ஸ்டீல் எடையும் குறைவு: ஈயத்தின் அடர்த்தி 11.3, ஸ்டீலுக்கு 7.8. அதை ஈடுகட்ட பெரிய ரவை, கூடுதல் வேகம் என்று போனால் குழலுக்குத்தான் பளு.

அதனால் துப்பாக்கி மெக்கானிக்குகளுக்கு வேலை கூடுகிறது. குழலின் சுவர் தடிமனை அளந்து, இடமிருந்தால் சோக்கைப் பாதிக்குக் கீழே கடைந்து, முத்திரை சரியாக இருக்கும் துப்பாக்கிக்கு 65 மி.மீ. ஸ்டீல் தோட்டா போடலாம். சுவர் மெலிந்தவை, டமாஸ்கஸ் குழல்கள் இதற்குத் தாங்காது. அவற்றுக்கு பிஸ்மத் மாதிரி மென்மையான உலோகம் வேண்டும். அடர்த்தி 9.6, ஈயத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆனால் ஒரு பெட்டி தோட்டா ஈயத்தைவிடப் பல மடங்கு விலை. சில நூறு பவுண்டுக்கு வாங்கிய பாக்ஸ்லாக்குக்கு, இரண்டு மூன்று சீசன் தோட்டாச் செலவே துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும்.